இருபதாவது ஜோடி

கம்பெனியிலிருந்து தைக்க வந்த ஷூ அப்பரை, அதான் ஷூவின் மேல்தோலை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, விடிந்ததும் விடியாததுமாக ஒரு பழைய செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஊசியை இழுக்கும்போதெல்லாம் நேற்றைய நினைப்புதான்.

நேற்று பாப்பாவுக்கு மூன்றாவது நாள் ஜுரம். முதல் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே கதவு திறக்கும்வரை ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. செருப்புதான் நிற்கும். லேடீஸ் ஒரு பக்கம், ஜென்ட்ஸ் ஒரு பக்கம். செருப்பை விட்டுவிட்டு மர நிழலில் போய் உட்கார்ந்துகொள்வோம். ஒரு வரிசைக்கு இருபது டோக்கன்.

எண்ணிப் பார்த்தேன். என்னுடையது இருபத்தொன்று.

எனக்கு முன்னால் இருந்தது ஆம்பளைச் செருப்பு. எட்டாம் சைஸ். நாள் முழுக்க இதே வேலையில் இருக்கிறவள், எனக்குத் தெரியாதா? எவனோ தெரியாமல் இந்தப் பக்கம் விட்டிருக்கிறான். எடுத்துப் போய் ஜென்ட்ஸ் வரிசைக் கடைசியில் வைத்தேன். என் செருப்பை முன்னால் தள்ளிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. டோக்கன் கொடுக்கிற தனபாக்கியம் அக்கா வந்தார். எல்லோரும் அவரவர் செருப்பில் ஏறி நின்றோம்.

ஒருத்தர் மட்டும் எங்கள் வரிசையில் வெறுங்காலோடு நின்றார். கட்டம் போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய முடி, வலது கையில் ரத்தம் காய்ந்த கட்டு.

“ஏய் தம்பி, லேடீஸ் வரிசையில இன்னா வேல?” என்றார் அக்கா.

“என் செருப்பு இங்கதான் இருந்துச்சுக்கா.”

அக்கா அவருடைய ஆஸ்பத்திரி நோட்டை வாங்கிப் பார்த்தார். “தேவகின்னு போட்டிருக்கு. யாரு நோட்டு இது?”

“என்னோடதுதான். ஆதார் கார்டுல அந்தப் பேரு. மதின்னு கூப்பிடுங்க. போன தடவ இந்த வரிசையிலதான் நிக்கச் சொன்னாங்க.”

“அப்போ நீ பொம்பளையா?”

“இல்லக்கா.”

“ஆம்பளையா?”

“அதுவும் இல்ல.”

“பேஜாரா போச்சே. உன்ன அவன்னு சொல்லாம, அவள்னும் சொல்லாம, வேற எப்படிச் சொல்றது?”

“அவங்கன்னு சொல்லுங்க. டாக்டர அப்படித்தானே சொல்றீங்க.”

“டாக்டரு படிச்சவரு. நீ எதுல பெரிய ஆளு?”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான். ஆனாலும் சிரித்தேன்.

“தோ, உன் செருப்பு ஜென்ட்ஸ் கடைசியில கெடக்குது பாரு. நீயே அங்க விட்டியா? இல்ல, இவளுங்க எவளாவது மாத்தி வெச்சாளா?” அக்கா எங்கள் பக்கம் திரும்பினார்.

பாப்பாவைத் தோளில் இறுக்கிக்கொண்டேன்.

மதி எங்கள் வரிசையை ஒரு தடவை பார்த்தாங்க. “நான்தான் மறந்து அங்க விட்டிருப்பேன்” என்றாங்க.

“அப்போ அங்க போ.”

அங்கே டோக்கன் முடிந்துவிட்டிருந்தது.

“மெஷின் ஊசி ஏறி கை வீங்கிப் போயிருக்குக்கா. டாக்டர் இன்னிக்குப் பாத்து எழுதித் தந்தாதான் கம்பெனியில லீவு குடுப்பாங்க.”

“நாளைக்கு வா.”

இருபதாவது டோக்கன் என் கைக்கு வந்தது.

சாதாரண ஜுரம்தான் என்று டாக்டர் பாப்பாவுக்கு சிரப் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தால் வாசலில் விட்டிருந்த என் செருப்பைக் காணோம். யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரோடு கொதித்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்படி நடப்பது என்று தெரியாமல் நின்றேன்.

டாக்டர் கிளம்பும்போது கேட்டுப் பார்க்கலாம் என்று மதி படியிலேயே உட்கார்ந்திருந்தாங்க. என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, தன் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினாங்க.

“போட்டுக்கங்கக்கா. என்னைக் கூட்டிட்டுப் போக தோஸ்த் வண்டி எடுத்துட்டு வர்றான்.”

“ஐயோ, வேணாம்.”

“பாப்பாவுக்கு ஜுரம் கம்மியாச்சா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“பெரிய சைஸு, பாத்து நடங்க. எடது கால் வார் வேற பிரிஞ்சிருக்கு. காலையில நீங்க இதத் தூக்கிட்டுப் போனப்பவே சொல்லலாம்னு நெனச்சேன்.”

அந்த வாரைத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அவங்க வருவாங்க. முதல் ஆளாகப் போய் இந்தச் செருப்போடு நிற்க வேண்டும். எந்த வரிசையில் விடட்டும் என்று அவங்களைத்தான் கேட்க வேண்டும். தனபாக்கியம் அக்காவிடமும் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், எல்லோர் எதிரிலேயும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் தைத்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன்.

“பிரிசில்லா, பாப்பா எழுந்துக்கிச்சு பாரு” என்று உள்ளேயிருந்து மாமியார் கூப்பிடுகிறார்.

“தோ வர்றேன் அத்தை.”

அக்கா, நேத்து அந்தச் செருப்பை மாத்தி வெச்சது அவங்க இல்ல, அது…