விசாரிக்க வந்தவர்

"மாவு மில் சமுத்திரம் மகன் கண்ணபிரானைத் தெரியுங்களா? பையன் எப்படி?"

சீனிச்சாமி பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபை அப்படியே தண்ணீர்ச் சட்டியில் விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் அவர், இந்த ஒரு கேள்விக்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தார்.

எண்பத்தாறு தையில் அவர் மகள் பங்கஜத்தைப் பற்றி விசாரிக்க சிவகாசியிலிருந்து வந்தவர்கள், எதிர்த்த மாவு மில்லில் போய்க் கேட்டார்கள். "பிள்ளைக்கு அப்பப்ப வலிப்பு வரும்" என்று சமுத்திரம் வாய் கூசாமல் பொய் சொன்னான். பேசி முடித்த கல்யாணம் அன்றோடு நின்றது. பங்கஜம் இன்றைக்கும் வீட்டில்தான் இருக்கிறாள்.

இப்போது அவன் மகனுக்குப் பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள். ஆண்டாள் கண் திறந்துவிட்டாள்.

"உக்காருங்கய்யா, டீ சொல்லுதேன்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

வந்தவர் நட்சத்திரம் கேட்கவில்லை, நிலபுலன் கேட்கவில்லை. "வீட்டு மேல ஒட்டுதல் எப்படி?" என்றுதான் கேட்டார். குணம் பார்க்கிற மனுஷன் போலிருக்கிறது என்று சீனிச்சாமி நினைத்துக்கொண்டார்.

குடிகாரன், சீட்டாடி என்று அளந்துவிட்டால் அடுத்த கடையில் கேட்டுப் பொய் என்று கண்டுபிடித்துவிடுவார். உண்மையைச் சொல்லியே கவிழ்க்க வேண்டும்.

"ஒட்டுதலா? அவன் கல்லுய்யா! இந்தா இருக்குற ராஜபாளையத்துல காலேஜ் படிச்சான். ஆனாலும் ஹாஸ்டல்தான். ஆடிப்பூரத் தேருக்குக்கூட ஊருப் பக்கம் எட்டிப் பாக்கல. பெத்தவ காய்ச்சல்ல கெடக்கான்னு ஆள் அனுப்புனா, பரிட்சை முடியட்டும்னு சொன்ன பய."

"சாப்பாடு?"

"எதைப் போட்டாலும் திம்பான். ஒரே ரூம்ல எட்டுப் பேரோட சுருண்டு படுத்துப் பழகிட்டான். குடும்பத்துக்கு லாயக்கே கெடையாது."

வந்தவர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். சீனிச்சாமிக்கு வயிறு குளிர்ந்தது. 'என் பிள்ளை அழுத அழுகை உன்னைச் சும்மா விடுமாடா சமுத்திரம்?'

"இதே தெருவுல சீனிச்சாமின்னு ஒருத்தர் மகன், வேல்சாமி. அவரையும் தெரியுமா?"

சீனிச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. பழிக்குப் பழியும் ஆயிற்று, மகனுக்குச் சம்பந்தமும் தேடி வருகிறது! கண்ணபிரானோடு ஒரே பஸ்ஸில் மதுரைக்குப் போய், பம்பாய் வேலைக்கு இன்டர்வியூ முடித்துவிட்டு, மூன்று மாதமாகத் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருக்கிறான் வேல்சாமி. அந்த வேலை வந்தால்தான் குடும்பம் தலையெடுக்கும். மருமகள் வருகிற ராசியில் அதுவும் வந்துவிடாதா?

பெற்றவன் என்று காட்டிக்கொண்டால் பேச்சு எடுபடாது. அதனால் யாரோ போலவே பேசினார்.

"வேல்சாமியா? தங்கம்! அதே காலேஜுதான், ஆனா தெனமும் பஸ்ஸுல போயி வந்துருவான். ஆத்தா கையால ஒரு வாய் சாப்பிட்டாத்தான் அவனுக்குத் தூக்கம். மதுரையில சித்தப்பன் வீட்டுல பத்து நாள் இருடான்னு விட்டதுக்கு, மறுநாளே கண்ணு கலங்கித் திரும்பிட்டான். எம்புட்டுப் பாசம்னு பாத்துக்கோங்க!"

வந்தவர் பைலை மூடிக்கொண்டு எழுந்து, கைகுலுக்கினார்.

"ரொம்ப உபகாரம். நான் பம்பாய் கம்பெனியோட மதுரை ஆபீஸ்ல இருந்து வரேன். இருக்கறது ஒரே ஒரு வேலை, ரெண்டு பசங்களும் சம மார்க். அங்க வாங்குற சம்பளத்துல தனி வீடு எடுக்க முடியாது, ஒரு ரூம்ல பத்துப் பேர் கிடக்கணும். இந்தப் பக்கத்துல இருந்து முன்னாடி எடுத்த ரெண்டு பேரும் வீட்டு நினைப்புல மூணே மாசத்துல ஓடி வந்துட்டாங்க. அதான் இந்தத் தடவை நேர்ல விசாரிச்சுட்டு எடுக்கலாம்னு வந்தேன்."

சீனிச்சாமி வாயைத் திறந்தார். 'அவன் என் மகன்' என்று இப்போது எப்படிச் சொல்வது?

"கண்ணபிரானுக்கே ஆர்டர் போட்டுடறோம். வேல்சாமி பாவம், அம்மாகிட்டயே இருக்கட்டும்."