தானத்துக்கு வைத்த ஷூ

ஷூவை மூக்கருகே கொண்டுபோனாள்.

இன்னும் அந்த வாடை போகவில்லை. ஆள் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது.

நல்லது. அவருடையதுதான்.

கூடத்தில் ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கும் சத்தம். இன்று தானம். குடை, சொம்பு, விசிறி, விளக்கு, கடைசியில் செருப்பு. செத்தவர் எமபுரிக்கு நடந்தே போக வேண்டுமாம். கல்லும் முள்ளும் சுடுமணலுமாக ஒரு வருஷத்து வழி. இங்கே எதைக் கொடுக்கிறோமோ அதுதான் அங்கே அவர் காலுக்கு. சாஸ்திரிகள் பத்தாம் நாளே சொல்லிவிட்டுப் போனார்.

மகன் வத்ஸன் பெங்களூர்க்காரன். இதைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தான். பிறகு அவனே செல்போனில் தேடி, மலையேறுகிற ஷூ ஒன்றை வரவழைத்தான். கனத்த அடி. கணுக்கால்வரை தோல்.

"அப்பாவுக்கு நடக்கறதுன்னா உயிர்ம்மா. சாதாரணச் செருப்பு வேண்டாம்."

அவள் சிரிக்கவில்லை. அவள் நம்புகிறவள். வழி இருக்கிறது, மணல் சுடுகிறது, அதில் அவர் நடக்கப்போகிறார். ஒரு சொல் விடாமல் நம்பினாள்.

நம்பினதால்தான், இன்று யாரும் எழுந்திருக்குமுன் அந்தப் புது ஷூவை எடுத்துப்போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டி மூடிமேல் வைத்துவிட்டு வந்தாள். பால்காரன் வந்தபோது எட்டிப் பார்த்தாள். காணோம். எந்தப் புண்ணியவானோ, நன்றாக நடக்கட்டும்.

அட்டைப்பெட்டி மட்டும் வீட்டில் இருந்தது. அதற்குள் வைக்கத்தான் இந்த ஷூ.

ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ. மனுஷன் ஜன்மத்தில் ஓடியதில்லை, பஸ்ஸைப் பிடிக்கக்கூட. ஆனால் காய்கறி வாங்க இது, கோயிலுக்கு இது, மலைக்கும் இதேதான். போட்டிருப்பதே தெரியவில்லை என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமை வேறு.

அதன் லட்சணம் அவளுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேய்த்துக் கழுவியது யார்?

குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்து சாய்ந்துவிட்டது. அடியில் இருந்த வரியெல்லாம் அழிந்து வழவழவென்று கிடக்கிறது. மேலே வெறும் வலைத்துணி. மணலுக்கும் தண்ணீருக்கும் அது ஒரு தடையே இல்லை.

ஒருதரம் கஞ்சமலை ஏறிவிட்டு நொண்டிக்கொண்டு வந்தார். முள் ஒன்று அடியில் ஏறி உள்ளே வரை வந்திருந்தது. மெத்தென்ற சோல். முள்ளுக்கு அது இட்லி மாதிரி. அவள்தான் ஊக்கால் நெம்பி எடுத்தாள்.

இன்னொரு தரம் தூறலில் கோயில் படியடியில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நாலுபேர் பார்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவளை அறைந்தார். அவள் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்ததால்தான் வழுக்கியதாம்.

அறையெல்லாம் ஒரு விஷயமா? அதைச் சொல்ல உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

ஏற்காட்டு ரோடு மட்டும் வேறு.

வளைவில் அவளுக்குக் குமட்டியது. காருக்குள் வாந்தி எடுத்துவிட்டாள்.

இறங்கு என்றார். இறங்கினாள். செருப்பு சீட்டுக்கடியில் கிடந்தது. எடுப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு போயே போய்விட்டார்.

சித்திரை மாசத்து உச்சி வெயில். தார் இளகிக் கிடந்தது. ஓரத்து மண்ணில் நடந்தால் முள், ரோட்டில் நடந்தால் நெருப்பு. வளைவு வளைவாக ஏறினாள்.

மேலே டீக்கடையில் அவர் குழந்தை வத்ஸனுக்குப் பன் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் பாதத்தைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம ஆத்துக்காரி. நடைன்னா ரொம்ப இஷ்டம்."

பாவி.

வத்ஸனுக்கு அது ஞாபகமில்லை. பன் ஞாபகமிருக்கலாம்.

ஷூவுக்குள் கையை விட்டாள். உள்ளே ஒட்டியிருந்த மெத்தை அட்டையை உரித்தெடுத்தாள். அந்தச் சுகம் மட்டும் எதற்கு?

பெட்டியைக் கொண்டுபோய்க் குடைக்குப் பக்கத்தில் வைத்து மூடியை அழுத்தினாள். மகன் பார்த்துவிட்டு நிறுத்தினால் தீர்ந்தது. வேறு நல்லதாக ஒன்று வாங்கி வந்துவிடுவான். அவர் ஜம்மென்று போய்ச் சேர்ந்துவிடுவார். உயிரோடு இருந்தபோது அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. இதையும் விட்டால் இனி எப்போது?

குடை போயிற்று. சொம்பு போயிற்று. விசிறியும் விளக்கும் போயின.

சாஸ்திரிகள் பெட்டியைத் திறந்தார். ஷூவை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். தானம் வாங்க உட்கார்ந்திருந்தவரும் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?" வத்ஸன் பாதி எழுந்துவிட்டான்.

"அப்பாவோடதுடா. காலுக்குப் பழகினது."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்குத்தான் அப்பாமேல் எவ்வளவு பாசம்! திரும்ப உட்கார்ந்தான்.

சாஸ்திரிகள் விடவில்லை. கட்டைவிரலால் அடியை அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது எழும்பவில்லை.

"மாமி, ஒரு வருஷம் நடக்கணும். இது தாங்குமா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"தாங்காது."

தானத்துக்குத் தண்ணீர் வார்க்கப் பஞ்சபாத்திரத்தை மகன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.