புகைபோக்கிக்கு எதிரே ஒரு மைனா

தொழிற்சாலை வாசலில் ஒரு கம்பம். அதன்மேல் காற்றின் அழுக்கை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. பக்கத்து வாகைமரத்தில் ஒரு மைனா குஞ்சு பொரித்திருந்தது. எதிரே இருந்த புகைபோக்கி கக்கிய புகையில் குஞ்சு ஓயாமல் இருமியது.

"அண்ணே, இதைக் கேட்க ஆளே இல்லையா?" என்று கருவியிடம் கேட்டது மைனா.

"நாடு முழுக்கச் சட்டம் இருக்கு தங்கச்சி. காத்து கெட்டா நான் சிவப்பா எரிவேன். அதைப் பார்த்து அதிகாரிங்க வருவாங்க."

கருவி சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. மைனாவும் நம்பிக்கையோடு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் ஜீப் வந்து நின்றது. "வந்துட்டாங்கடா கண்ணு!" என்று குஞ்சிடம் கூவியது மைனா.

இறங்கியவர்கள் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். கருவியைப் பார்த்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறி, கருவியைக் கழற்றினார்கள்.

"உன்னை எங்கே அண்ணே கொண்டுபோறாங்க?"

"ஏரிக்கரைப் பூங்காவுக்கு. அங்கே வெச்சா பச்சையா எரிவேனாம்."

"அப்போ புகைபோக்கி?"

"அதை அசைக்கிறது கஷ்டமாம். என்னைக் கழற்றுறது சுலபமாம்."

ஜீப் கிளம்பிப் போய்விட்டது. பறந்து போய்விடலாம் என்றால், குஞ்சுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. மைனா புகை வரும் பக்கமாகத் திரும்பி, சிறகை விரித்துக் குஞ்சை மறைத்தபடி உட்கார்ந்தது.