பாய்லர் அறையில் ஒரு திருடன்

அந்தத் தெருவில் அவளுக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். யார் வீட்டுக்கு யார் வந்தார், எந்தப் பையோடு வந்தார், எந்தப் பையோடு போனார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கிண்டலாக வைத்த பெயர்தான். அவளோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாளாக சி.ஐ.டி. அக்காவுக்கே தூக்கமில்லை. பாய்லர் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு பக்கத்துத் தெரு வீடொன்றில் நுழைந்த ஒருவன், இருந்த நகையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டானாம். பார்த்துப் பார்த்து அவள் வீட்டு வெந்நீர் பாய்லரும் இப்போதுதானா மக்கர் செய்ய வேண்டும்! பர்னர் மஞ்சளாக எரிந்து சுவரெல்லாம் ஒரே கரி. பீரோவிலோ, மகள் கல்யாணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகை. வேறு வழியில்லாமல் ரிப்பேர் கடைக்கு போன் போட்டிருந்தாள்.

காலையில், சொன்ன நேரத்துக்கு டாண் என்று மணி அடித்தது. வாசலில் ஒல்லியாக ஒருவன்.

"பர்னர் சரி பண்ண வந்திருக்கேன், மேடம்."

அங்கேயே அவளுக்குச் சுருக்கென்றது. எந்த ஊரில் மெக்கானிக் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறான்? அதுவும் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். பாய்லரைத் திறந்து பார்த்துவிட்டு, முன்னால் ரிப்பேர் பார்த்தவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. இத்தனை வருஷமாக மெக்கானிக்குகளோடு மல்லுக்கட்டியவள் அவள். முந்தின ஆளைத் திட்டாமல் அவர்கள் திருப்புளியைக்கூட வெளியே எடுக்க மாட்டார்கள்!

பர்னரைப் பற்றவைத்து, அடியிலிருந்த காற்று வளையத்தை லேசாகத் திருகிவிட்டு அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இந்த வீட்ல ஜன்னல் எல்லாம் எங்கெங்க இருக்கு மேடம்?"

"எதுக்கு?"

"சும்மா, காத்து எப்படி வருதுன்னு பாக்கத்தான். ராத்திரியில திறந்தே இருக்குமா?"

"ம்..."

"எத்தனை பேர் இருக்கீங்க? காலைல எப்ப எழுந்து குளிப்பீங்க?"

அடப்பாவி! இப்படிப் பச்சையாகவா கேட்பான்? பீரோ சாவி எங்கே என்று கேட்பது ஒன்றுதான் பாக்கி.

"இதோ வந்துடறேன் தம்பி" என்று நழுவி வெளியே வந்தவள், பாய்லர் அறைக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உடனே போலீஸுக்கு போன் செய்தாள்.

"மேடம்! கதவைத் திறங்க! மூடி வச்சா தீ சரியா எரியாது மேடம்!"

"இனிமே உன் வயிறுதான்டா எரியும்!"

மறுபடியும் வாசல் மணி. இந்த முறை தோளில் பையோடு ஒரு தடித்த ஆசாமி.

"ஏம்மா, பாய்லர் பர்னர் ரிப்பேரு..."

"கடையிலருந்துதானே வர்றீங்க? வர்ற நேரமா இது?"

"வந்ததே பெரிசும்மா. எனக்கென்ன உன் வீடு ஒண்ணுதானா?" முணுமுணுத்தபடி சேற்றுக் காலோடு உள்ளே நடந்தவர், கதவுக்கு மேலே படிந்திருந்த கரியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "எவன்மா இதுல கை வச்சது? குட்டிச்சுவராக்கி வச்சிருக்கான்!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவரல்லவோ மெக்கானிக்!

"அண்ணே, உள்ள ஒரு திருட்டுப்பயலைப் பூட்டி வச்சிருக்கேன். போலீஸ் வந்துட்டே இருக்காங்க. இந்தச் சந்துக்குள்ள அவங்களுக்கு வழி தெரியாது, நான் முனைக்குப் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். படுபாவி கதவை உடைச்சுட்டு வந்தான்னா நேரா பீரோவுக்குத்தான் போவான். நீங்க அந்த ரூம்ல பீரோ முன்னாடியே நில்லுங்க. அசையக் கூடாது!"

"நீ கவலையே படாதம்மா." அவர் பையிலிருந்து நீளமாக ஒரு ஸ்பானரை உருவினார். "நான் இருக்கும்போது இன்னொருத்தன் அதுல கை வச்சிடுவானா?"

முனையில் காத்திருந்து ஜீப்பை அழைத்து வந்தாள். வழிநெடுக இன்ஸ்பெக்டரிடம் தன் சாமர்த்தியத்தை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. இனி எவளாவது கிண்டல் செய்யட்டும், பார்க்கலாம்!

இன்ஸ்பெக்டர் தாழ்ப்பாளை நீக்கினார். பாய்லரை அணைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தான் அந்த ஒல்லி ஆள். அவனைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த விலங்கு தானாகக் கீழே இறங்கியது.

"இவரா? எங்க வீட்டு பாய்லரையும் இவர்தானேம்மா பாக்குறாரு! காத்து எங்கருந்து வருதுன்னு கேக்காம பர்னரைத் தொடவே மாட்டாரு." அவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"அது சரி, பீரோவுக்குக் காவல் வச்சுட்டு வந்தேன்னு சொன்னீங்களே, அது யாரும்மா?"