நகம் வெட்ட விடாத கடுவன்

“அத்தை, விட்டுடாதீங்க! இறுக்கியும் பிடிச்சுடாதீங்க!”

“ரெண்டையும் ஒண்ணா எப்படிம்மா செய்யறது? ஏதாவது ஒண்ணைச் சொல்லு!”

சோபாவின் ஒரு முனையில் மாமியார் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். மருமகள் கையில் நகவெட்டியோடு தரையில் மண்டியிட்டிருந்தாள். இருவருக்கும் நடுவே, துண்டுக்குள்ளிருந்து கடுவனின் உறுமல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை செல்லப்பிராணிகள் சலூனில் மருமகளுக்கு வேலைக்கான செய்முறைத் தேர்வு. இருப்பது ஒரே ஒரு இடம். போன மாதம் வேறொரு சலூனில், பூனை சீறிய சீறலில் கை உதறி, நகவெட்டி ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம், வாய்ப்பு ஒரு பக்கம் என்று பறந்துவிட்டன. இந்த முறையும் கோட்டைவிட்டால் மறுபடியும் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு பில் போடும் வேலைதான். நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

“முதல்ல நம்ம கையை மோந்து பார்க்க விடணும் அத்தை. பின்னாடி இருந்து திடீர்னு தொடவே கூடாது, பயந்துடும்.”

“இதுக்கா பயம்? இது நம்மளை பயமுறுத்தாம இருந்தா சரி!”

“கழுத்தைப் பிடிச்சுத் தூக்கவும் கூடாது. துண்டுல சுத்தி ஒரு காலை மட்டும் வெளிய எடுத்து, விரலை மெதுவா அமுக்கணும். வெள்ளையா இருக்கிற நுனியைத்தான் வெட்டணும். உள்ள சிவப்பாத் தெரியும் பாருங்க, அதுல பட்டுதோ, ரத்தம்!”

ரத்தம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம். துண்டு பறந்தது. அடுத்த நொடி கட்டிலுக்கு அடியில் தடாலென்று சத்தம்.

“போச்சு! நகவெட்டியைக் கண்டா பிறந்ததுலேருந்தே இந்தக் கூத்துதான்,” என்று மாமியார் குனிந்து பார்த்தார். “மூஞ்சியைப் பாரு, இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கற மாதிரி!”

“இழுக்காதீங்க அத்தை. தானா வரணும். ஏதாவது தின்னக் குடுத்துக் கூப்பிடுவோம்.”

“பால் கொண்டு வரட்டா?”

“பூனைக்குப் பால் ஒத்துக்காது அத்தை. மீன் இருந்தா வைங்க.”

மீன் துண்டு வந்தது. முதலில் மீசை எட்டிப் பார்த்தது. தட்டு காலியானதும் கடுவன் மறுபடியும் துண்டுக்குள்!

“வால் ஆடுதா பாருங்க அத்தை. ஆடினா கோபம், உடனே நிறுத்திடணும்.”

“ஆடலைன்னே வச்சுக்கோ. நீ வெட்டு!”

டிக். உறுமல் இல்லை. டிக், டிக். அதற்கும் உறுமல் இல்லை.

“அத்தை! கை நடுங்கல! பாருங்க, நடுங்கவே இல்ல!” என்று மருமகள் கூவினாள். அந்த வேகத்திலேயே சீப்பை எடுத்து, முடி படிந்திருக்கும் போக்கிலேயே மெதுவாக வாரினாள். சுகமாக ஒரு ‘கர்ர்ர்’ கேட்டது.

“நான் எத்தனை வருஷம் படாத பாடு பட்டேன்! உன் கைக்கு எப்படி அடங்குது பாரு!” என்று மாமியார் அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

மறுநாள் சலூன் மேசையில் ஒரு சாம்பல் நிறத் தடியன் பல்லைக் காட்டிச் சீறினான். முதலாளியம்மாள் கைகட்டி நின்று பார்த்தார். மருமகள் அவசரப்படவில்லை. கையை மோந்து பார்க்க விட்டாள், காத்திருந்தாள், பிறகு துண்டைச் சுற்றினாள். டிக், டிக். கடைசி நகம் வெட்டும்போது தடியன் கொட்டாவி விட்டான்.

“பிரமாதம்!” முதலாளியம்மாள் கை தட்டினார். “திங்கட்கிழமையே வேலைக்கு வந்துடுங்க. வீட்டுல பூனையோட பழகாம இந்தப் பக்குவம் வராது. உங்க பூனையை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, நான் பார்க்கணும்.”

மருமகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“நாங்க இருக்கிறது வாடகை வீடு மேடம், பூனை வளர்க்கவே விடமாட்டாங்க. நேத்து பூரா எனக்குப் பூனையா இருந்தவர் அதோ நிக்கறார்!” என்று கண்ணாடிக் கதவைக் காட்டினாள்.

வெளியே பைக்கில் சாய்ந்தபடி, படிய வாரிய தலையோடு, பதற்றத்தில் கடிக்க ஒரு விரலிலும் நகம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தான் அவள் கணவன்.