சிவப்பு அம்பு

முத்துப்பேச்சிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பழுதைச் சரிசெய்த பிறகுதான் அதை உரிக்கலாம்.

அன்று காலை புருஷன் முனீஸின் சட்டையில், நெஞ்சுக்குழிக்கு நேராக ஒன்று ஒட்டியிருந்தது. தன் சேலையிலிருந்து ஒட்டியிருக்கும் என்று உரித்துப் போட்டாள். மத்தியானம் லோடு இறக்கும்போது லாரியிலிருந்து சரிந்த துணி ரோல் அவன் நெஞ்சில் விழுந்தது.

வெளியே கீறல்கூட இல்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைத்து மூச்சு முட்டியது. எக்கோ எடுத்த டாக்டர், "இதயத்தைச் சுத்தியிருக்கற பையில ரத்தம் தேங்கி இதயத்தை நெருக்குதுங்க. ஊசி குத்தி எடுக்கோணுங்க" என்றார். எடுத்தார், முனீஸ் பிழைத்தான். ஊசி குத்திய இடம், அம்பு காட்டிய அதே இடம்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் டாக்டரைக் கும்பிடப் போனாள். அவருடைய வெள்ளைக் கோட்டின் நெஞ்சில் சிவப்பு அம்பு. முனீஸ் அடிபட்டதிலிருந்து அவள் கம்பெனிப் பக்கமே போகவில்லை. கும்பிட எடுத்த கையோடு அதையே பார்த்தாள்.

"ஏனுங்க, என்ன பாக்கறீங்க?"

"சார்... நீங்களும் ஒருக்க எக்கோ எடுத்துப் பாத்துக்கிடுங்க."

அவர் குனிந்து பார்த்தார்.

"அட, பனியன் கம்பெனி ஸ்டிக்கருங்களா!"

சிரித்துக்கொண்டே உரித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.