கதிரேசன் இல்லாத படகு

குழு புராஜெக்டுக்கு இப்போதெல்லாம் மெஷின்தான் மார்க் போடுகிறது. ஒவ்வொருவரையும் கழித்துவிட்டு அந்த செமஸ்டரை மறுபடி ஓட்டிப் பார்க்கும். அவரில்லாமல் எவ்வளவு கெட்டுப்போகிறதோ, அவ்வளவு மார்க்.

ஷர்மிளா, ஜெபராஜோடு சேர்ந்து கட்டிய ஆகாயத்தாமரை அள்ளும் படகுக்குக் கதிரேசன் செய்த ஒரே வேலை, மோட்டார் ஒயரை மாற்றிக் கொடுத்து அதைப் பின்னால் ஓடவிட்டதுதான். அரியர் நிச்சயம் என்று வீட்டில்கூடச் சொல்லிவைத்திருந்தான்.

திரையில் ஷர்மிளா இல்லாத படகு ஆமைபோல் நகர்ந்தது. ஜெபராஜ் இல்லாத படகு சாய்ந்துகொண்டே போனது. கதிரேசன் இல்லாத படகு வரவே இல்லை. முதல் வாரத்திலேயே மற்ற இருவரும் சண்டை போட்டுப் பிரிந்திருந்தார்கள்.

கதிரேசனுக்கு நூற்றுக்கு நூறு.

"நாம திட்டுனது பூரா இவனைத்தானே," என்றாள் ஷர்மிளா மெதுவாக.

அடுத்த செமஸ்டரும் இருவரும் அவனை விடவில்லை. "நீ ஒண்ணும் செய்யாண்டாம்ல. சும்மா வந்து இரு, போதும்," என்றான் ஜெபராஜ்.

கதிரேசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. விடுமுறை முழுக்க உட்கார்ந்து படித்தான். புதுப் படகின் ஒயரை அவனே கொடுத்தான். படகு அம்புபோல் முன்னால் பாய்ந்தது.

கரையில் யாரும் கைதட்டவில்லை.

"டிசைன் என்னோடதுல்லா," என்றான் ஜெபராஜ்.

"உன்னோடதா?" என்று திரும்பினாள் ஷர்மிளா.

கதிரேசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பெருமூச்சு விட்டபடி குனிந்து, கரையில் வைத்திருந்த பேட்டரியில் படகின் இரண்டு ஒயரையும் மாற்றிச் செருகினான். படகு பின்னால் வந்து கரையில் முட்டியது.

"கூறுகெட்டவனே," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.